1200 என்ற எண்ணுக்கு யார் பொறுப்பு? ரௌட்டர் விற்போருக்குக் கிளென்மார்கனிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: வீட்டு வைஃபை ரௌட்டர் தயாரிக்கும், இறக்குமதி செய்யும் நிறுவனங்கள், ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனங்கள்.

நகல்: இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்); மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி.



நீங்கள் விற்ற ரௌட்டரின் அட்டைப்பெட்டியில் மற்ற எல்லா எழுத்தையும் விடப் பெரிதாக 1200 என்று அச்சிட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதற்கான விளக்கம் பெட்டியின் அடியில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் பிடிபடாத பொடி எழுத்தில் இருக்கிறது. வேகம் போதவில்லை என்று புலம்ப இந்த மடலை நான் எழுதவில்லை. மலையில் குடியிருப்பவனுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று ஓரளவு தெரியும். காசு கொடுப்பதற்கு முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதை நீங்கள் சொல்லாமல் விற்கிறீர்கள். அதுதான் என் குறை.

நான் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இலை வாட்டும் தொட்டியின் ஃபேன், ரோலர், சி.டி.சி. மெஷின், டிரையர் என்று மோட்டார்களோடுதான் என் வாழ்க்கை போயிற்று. ஒவ்வொரு மோட்டாரின் மேலும் ஒரு தகடு இருக்கும். எத்தனை குதிரைத்திறன், எத்தனை வோல்ட், முழுச் சுமையில் எத்தனை ஆம்பியர், எத்தனை சுற்று என்று அதில் பொறித்திருக்கும். அந்த எண்கள் எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்பதும் தரவிதியிலேயே உண்டு: கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குள், சுற்றுக்காற்றின் வெப்பம் 40 டிகிரிக்குள். அதற்கு மேலே போனால் காற்று மெலியும், மோட்டாரின் சூடு தணிவது குறையும். எவ்வளவு திறனைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடு சொல்லும். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் வேலை பார்த்த எங்களுக்கு இந்தக் கழிவு பழகிய கணக்கு. மோட்டார் விற்பவர் தன் எண்ணோடு சேர்த்து அதன் எல்லையையும் சொல்கிறார். நீங்கள் எண்ணை மட்டும் சொல்கிறீர்கள்.

கிளென்மார்கன் எங்கே இருக்கிறது என்று உங்கள் கால் சென்டரில் கூப்பிடும்போதெல்லாம் கேட்கிறார்கள். இதிலேயே சொல்லிவிடுகிறேன். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் வந்து, நடுவில் பிரிந்து, தேயிலையையும் சோலையையும் தாண்டினால் எங்கள் ஊர். பைக்காரா தண்ணீர் இங்குள்ள சிற்றணைக்கு வந்து, பெரிய இரும்புக் குழாய்களில் 900 மீட்டருக்கும் மேல் கீழிறங்கி, சிங்காரா மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றுகிறது. 1932-ல் தொடங்கிய ஏற்பாடு அது. மின்வாரிய ஆட்கள் அந்தச் சரிவில் ஏறி இறங்க வின்ச் உண்டு. அந்தக் காலத்தில் அந்தக் குழாயைப் பதித்தவர்கள் இந்த மலையின் சரிவை அளந்துதான் பதித்திருக்கிறார்கள். நீங்கள் அளந்தது எந்த வீட்டில்?

ரௌட்டர் எங்களுக்கு ஆடம்பரப் பொருள் இல்லை. செல்போன் சிக்னல் ஒரு மேட்டில் இருக்கும், அடுத்த பள்ளத்தில் இருக்காது. 2019 டிசம்பரில் வைஃபை வழியாகப் பேசும் வசதி இந்தியாவுக்கு வந்த பிறகுதான் எங்களில் பலர் வீட்டுக்குள் உட்கார்ந்து போன் பேசுகிறோம். ராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் ஜீப்காரரைக் கூப்பிடுவதும் அந்த வழியாகத்தான். பிள்ளைகளின் பாடம், தேயிலை வாரியம் இந்த மாதம் பச்சைத் தேயிலைக்குச் சொன்ன விலை, ஃபேக்டரி அனுப்பும் இலைக் கணக்கு எல்லாம் அதில்தான் வருகின்றன. 2024 மே 7 முதல் வெளியூர் வாகனம் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். வழியில் மாட்டிக்கொண்ட விருந்தாளி அந்தப் பாஸை எடுத்துத் தரும்படி ஹோம்ஸ்டேக்காரரைக் கேட்டால், அவரும் இந்தப் பெட்டியைத்தான் நம்ப வேண்டும்.

இனி என் குறைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் குறை: கூட்டக்கூடாததைக் கூட்டியிருக்கிறீர்கள்

1200 எங்கிருந்து வந்தது? உங்கள் ரௌட்டரில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட். இரண்டையும் கூட்டினால் 1167. அதை மேலே இழுத்து 1200 ஆக்கியிருக்கிறீர்கள். ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இந்த ரௌட்டரோடு பேசும். ஆகவே 1200 என்ற வேகத்தை இந்த உலகத்தில் எந்தப் போனும் இந்தப் பெட்டியிலிருந்து பெற்றதில்லை, பெறவும் போவதில்லை.

சரி, 867 ஆவது கிடைக்குமா? அதற்கு இரண்டு ஆன்டெனா உள்ள போன் வேண்டும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். ஒன்று இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் உச்சம் 433. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த பழைய போனுக்கு வழக்கமான அலை அகலத்தில் உச்சம் 72. இவையும் காற்றில் போகும் கச்சா வேகம்தான். ஒவ்வொரு துண்டுத் தகவலும் வந்து சேர்ந்ததா என்று கேட்டுச் சரிபார்ப்பதிலும், பக்கத்து ரௌட்டருக்கு வழிவிட்டுக் காத்திருப்பதிலும் பாதிக்குப் பாதி கரைந்துவிடும். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண் கையில் வைத்திருக்கும் போனுக்கு உங்கள் 1200 ஏட்டுச் சுரைக்காய்.

இதைவிடப் பெரிய விஷயம் பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது. இணைப்புக் கம்பி செருகும் போர்ட் நொடிக்கு 100 மெகாபிட் வரைதான் தாங்கும். கம்பியில் லேப்டாப்பைச் செருகிச் சோதித்தால் 94-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த வகை போர்ட்டின் நடைமுறை உச்சமே அதுதான். வெளியிலிருந்து 100-க்கு மேல் நுழையவே முடியாத ஒரு பெட்டியின் முகப்பில் 1200 என்று போடுவதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். நான் 100 மெகாபிட் திட்டம்தான் எடுத்திருந்தேன், தப்பித்தேன். பக்கத்து ஹோம்ஸ்டேக்காரர் 300 மெகாபிட் திட்டத்துக்கு மாதா மாதம் பணம் கட்டிக்கொண்டு, அதே ரகப் பெட்டியை மாட்டி வைத்திருந்தார். மிச்சம் 200-க்கு அவர் கட்டிய பணம் வீண். பெட்டியை விற்றவர் அதைச் சொல்லவில்லை. திட்டத்தை விற்றவரும் சொல்லவில்லை.

ஆன்டெனா நான்கு என்று படம் போட்டிருக்கிறீர்களே, அதுவும் ஒரு அலைவரிசைக்கு இரண்டுதான். நான்கு என்றால் இரண்டு மடங்கு தூரம் போகும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அப்படி நினைக்கட்டும் என்றுதான் படத்தைப் பெட்டியின் நடுவில் போட்டிருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம்.

இரண்டாம் குறை: சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை

எங்கள் பக்கம் இரண்டு வகை வீடு. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களுக்கும் குவார்ட்டர்ஸுகளுக்கும் கருங்கல் சுவர், கைமுழம் கனம். தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குத் தகரக் கூரை, சில இடத்தில் தகரத்திலேயே தடுப்பு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானதுதான், ஆனால் கனத்த கல் சுவரைக் கடக்கும்போது பெரும்பகுதி போய்விடும். தகரமோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைந்தது, ஆனால் சுவரை ஓரளவு தாண்டும். கல் வீட்டில் குடியிருப்பவனுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். எந்த அறையில் ரௌட்டரை வைப்பது, எந்தப் போனை எதில் இணைப்பது என்று அவனே முடிவு செய்துகொள்வான். அந்த வாக்கியம் உங்கள் கையேட்டில் இல்லை. அதற்குப் பதிலாக, சோபாவில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும் படமும், வீடு முழுக்க நீல வளையங்கள் பரவும் படமும் இருக்கின்றன. என் வீட்டில் ரௌட்டர் உள்ள அறையில் எல்லாம் ஓடும். அடுப்படியில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும்.

இதைச் சொன்னதும் இன்னொரு பெட்டி வாங்கச் சொன்னார்கள், சிக்னலை நீட்டிக்கும் ரிப்பீட்டர். அதையும் விசாரித்துப் பார்த்தேன். ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும், ஏனென்றால் வாங்கும் நேரத்தில் அதனால் அனுப்ப முடியாது. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு ஈதர்நெட் கம்பி இழுத்தால் செலவும் குறைவு, வேகமும் முழுசாக வரும். இந்த யோசனையை உங்கள் கடைக்காரரோ கால் சென்டரோ சொல்லவில்லை. கம்பியில் உங்களுக்கு லாபமில்லை.

மூடுபனிதான் காரணம் என்று இணைப்பு நிறுவனத்தின் அம்மணி ஒருவர் கோயம்புத்தூரிலிருந்தோ எங்கிருந்தோ சொன்னார். வெயிலடித்தால் சரியாகிவிடுமாம். ஊட்டியில் மூடுபனி என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்ற தைரியம். மழைத்துளியும் பனித்துளியும் ரேடியோ அலையைப் பெரிதாக விழுங்கத் தொடங்குவது சுமார் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலேதான். 2.4-ஐயும் 5-ஐயும் பனி ஒன்றும் செய்யாது, அதுவும் நாலு சுவருக்குள். மலைக்காலநிலை கெடுப்பது வேறு இடத்தில்: ஈரம் இறங்கிய இணைப்புப் பெட்டியில், காற்றில் விழும் மரம் இழுத்துக்கொண்டு போகும் ஃபைபரில், குரங்கு தொங்கும் கேபிளில். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையைப் பார்த்த மாவட்டம் இது. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மரக்கிளையை வெட்டி, இணைப்புப் பெட்டிகளுக்கு மூடி போட்டு வைப்பது உங்கள் வேலை. அதைச் செய்யாமல் பழியைப் பனியின் மேல் போடாதீர்கள்.

மூன்றாம் குறை: பொருந்துமா என்று சொல்வதில்லை

ஃபைபர் ரௌட்டர் என்று எழுதிய ஒரு பெட்டியை வாங்கினால் எந்த ஃபைபருக்கும் பொருந்தும் என்றுதான் எவரும் நினைப்பார். ஆனால் ஃபைபரில் ஜி-பான், இ-பான் என்று இரண்டு முறைகள் நடைமுறையில் உள்ளன. பெரிய நிறுவனங்கள் பலவும் முதலாவதை வைத்திருக்கின்றன. ஊர் கேபிள்காரர்களிடம் இரண்டாவதும் உண்டு. ஒன்றுக்குச் செய்த பெட்டி மற்றதில் உயிர் பெறாது. சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். இரண்டுக்கும் பொருந்தும் ரகமும் கடையில் இருக்கிறது. எது எது என்று முகப்பில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? இணைப்பு நிறுவனத்தை மாற்றியவர்களின் பழைய பெட்டிகள் எங்கள் ஊர் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பழுதானவை அல்ல, பொருந்தாதவை.

சொந்தமாக ஒரு நல்ல ரௌட்டர் வாங்கி மாட்டலாம் என்றால் அங்கே இன்னொரு பூட்டு. இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டிக்குள் ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல், சில இடங்களில் ஒரு வீ-லேன் எண் இருக்கும். அவை என் இணைப்பின் விவரங்கள், நான் மாதக் கட்டணம் கட்டும் இணைப்பின் விவரங்கள். கேட்டால் தரமாட்டேன் என்கிறீர்கள், அல்லது அப்படி ஒன்று இல்லை என்கிறீர்கள். உங்கள் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தந்தால் என் ரௌட்டர் நேராக இணையும். அதையும் செய்யாததால் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு ரௌட்டர், இரண்டு முகவரி மாற்றம். வைஃபை வழி அழைப்பு ஒரு மறையீட்டுக் குழாய் வழியாகத்தான் போகிறது. நடுவில் இருக்கும் பெட்டியின் ஒரு தடுப்பு அமைப்பு தவறாக இருந்தால் வீடியோ எல்லாம் ஓடும், போன் மட்டும் அடிக்காது. எங்கள் ஊரில் அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று மேலே சொல்லிவிட்டேன்.

சின்னச் சின்னப் பொருத்தங்களும் உண்டு. 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.-3 பாதுகாப்பு முறையை மட்டும் வைத்து ரௌட்டரை அனுப்பினால் அதற்கு முந்தைய போன்கள் பலவும் இணையாது. பழையதும் புதியதும் கலந்த அமைப்பு உள்ளேயே இருக்கிறது, ஆனால் எங்கே என்று சொல்வதில்லை. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து அனுப்புகிறீர்கள். 2.4 மட்டும் தெரிந்த சிசிடிவி கேமராவை முதல் தடவை இணைக்கும்போது அதனால் தடுமாற்றம். இந்தியாவில் 2.4-ல் 13 சானல் வரை அனுமதி உண்டு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த போனில் பெரும்பாலும் 11 வரைதான். ரௌட்டர் தானாக 13-க்குப் போய்விட்டால் அந்தப் போனுக்கு வைஃபையே இல்லை என்று தோன்றும். போன் கெட்டுவிட்டது என்று ஊட்டிக்கு எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இவை ஒவ்வொன்றும் கையேட்டில் ஒரு வரி.

நான்காம் குறை: இணையம் இருந்தால்தான் இணையம்

ரௌட்டரை நிறுவ ஓர் ஆப்பை இறக்கச் சொல்கிறீர்கள். ஆப்பை இறக்க இணையம் வேண்டும். உள்ளே நுழைய செல்போன் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால்தானே ஐயா ரௌட்டரே வாங்கினோம்? ஓ.டி.பி. வாங்க மேட்டுக்கு ஏறி, எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவதற்குள் அது காலாவதியாகிவிடுகிறது. ரௌட்டரின் சொந்த அமைப்புப் பக்கத்தை இணையமே இல்லாமல் திறக்க முடியும்; அதற்கான முகவரி பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கிறது. கையேடு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கையேட்டின் மொழி ஆங்கிலம். பொட்டலப் பொருள் விதிகள் ஆங்கிலம் அல்லது இந்தி போதும் என்கின்றன, கூடவே வேறு மொழி சேர்ப்பதைத் தடுக்கவில்லை. தமிழ்நாட்டில் விற்கும் ஷாம்பூ பாக்கெட்டில் தமிழ் வந்திருக்கிறது. உங்கள் பெட்டிக்கு வருவதற்கு என்ன தடை?

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வரி. மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஃபைபரில் ஒளி வந்துகொண்டுதான் இருக்கும், நம் பக்கத்துப் பெட்டிகள்தான் அணைந்துபோகும். 12 வோல்ட் தரும் சின்ன யு.பி.எஸ். ஒன்று இருந்தால் சில மணி நேரம் தாங்கும். ஆனால் எத்தனை ஆம்பியர் தாங்க வேண்டும், ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் சேர்த்து எவ்வளவு என்பதை அடாப்டரின் முதுகைத் திருப்பிப் பார்த்து நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

யார் பொறுப்பு?

குறை சொன்னால் ரௌட்டர் நிறுவனம் இணைப்பைக் குற்றம் சொல்கிறது. இணைப்பு நிறுவனம் ரௌட்டரைக் குற்றம் சொல்கிறது. ரௌட்டரும் அவர்களுடையதாக இருந்தால் போனைக் குற்றம் சொல்கிறார்கள். இந்தச் சண்டைக்கு ஒரு எளிய தீர்ப்பு உண்டு. முதலில் கம்பியில் லேப்டாப்பைச் செருகி அளந்தால் இணைப்பின் வேகம் தெரியும். பிறகு அதே இடத்தில் வைஃபையில் அளந்தால் ரௌட்டரின் தரம் தெரியும். பிறகு ஒவ்வொரு சுவரையும் தாண்டி அளந்தால் வீட்டின் பங்கு தெரியும். மூன்றையும் ஒரு தாளில் எழுதினால் யார் பக்கம் குறை என்பது வெட்டவெளிச்சம். ஃபேக்டரியில் மோட்டார் ஓடாவிட்டால் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்: முதலில் சப்ளை, அப்புறம் மோட்டார், கடைசியாகச் சுமை. இணைப்பு வைக்க வந்த தம்பியிடம் இதைக் கேட்டேன். அவர் ரௌட்டருக்கு முன்னால் நின்று தன் விலையுயர்ந்த போனில் வேகத்தைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

அரசின் அளவுகோலும் இதில் உதவவில்லை. 2023 ஜனவரியில் பிராட்பேண்டின் இலக்கணத்தை நொடிக்கு 2 மெகாபிட் என்று உயர்த்தினார்கள். அதற்கு முன் 512 கிலோபிட். 100 விற்றுவிட்டு 2 கொடுத்தாலும் அது பிராட்பேண்ட்தான். 2024 அக்டோபரில் டிராய் கட்டடங்களுக்கு இணைப்புத் தர மதிப்பீடு தரும் விதிகளைக் கொண்டுவந்தது. நல்ல விஷயம். நகரத்து அடுக்குமாடிகள் நட்சத்திரம் வாங்கட்டும். லைன் வீட்டின் தகரத் தடுப்புக்குள் சிக்னல் போகுமா என்று சொல்ல வேண்டிய கடமை பெட்டி விற்பவருக்கும் இருக்கட்டும்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளம்பரம் என்பதற்குள் லேபிளையும் மேலுறையையும் சேர்த்திருக்கிறது. ஆகவே உங்கள் அட்டைப்பெட்டியும் சட்டப்படி ஒரு விளம்பரம். 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள், விளம்பரத்தில் ஒரு கூற்றுக்கு விளக்கக் குறிப்பு போட்டால் அது கூற்றின் மொழியிலேயே, கூற்றின் எழுத்துருவிலேயே, தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்கின்றன. கட்டைவிரல் உயரத்தில் 1200 போட்டுவிட்டு, கடுகளவில் விளக்கம் எழுதுவது அந்த நெறிக்குள் வருமா? தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தொலைத்தொடர்புத் தகராறை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று இணைப்பு நிறுவனங்கள் சொல்லிவந்த பழைய வாதத்தையும் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தள்ளிவிட்டது.

வெளிநாட்டில் இதெல்லாம் நடக்காத காரியம் இல்லை. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் வீட்டுக்காரர் தன் விருப்பப்படி ரௌட்டரை மாட்டிக்கொள்ளலாம். இணைப்பு விவரங்களை நிறுவனம் கேட்காமலே கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய இணைப்பு நிறுவனங்கள் உணவுப் பொட்டலத்தின் சத்துப் பட்டியல் மாதிரி ஒரு கட்டத்துக்குள் விலை, வழக்கமான வேகம், தாமதம் எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். நம் நாட்டிலேயே ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திர லேபிள் ஒட்டி விற்கிறோம். செல்போன் நிறுவனங்கள் எங்கெங்கே சிக்னல் உண்டு என்ற வரைபடத்தை வெளியிட வேண்டும் என்று டிராயின் 2024 விதிகள் சொல்கின்றன. ரௌட்டருக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. இரண்டு அலைவரிசைகளின் வேகத்தைக் கூட்டி அச்சிடுவதை நிறுத்துங்கள். தனித்தனியாகப் போடுங்கள். பின்பக்கப் போர்ட்டின் வேகத்தையும் அதே எழுத்தளவில் முகப்பில் போடுங்கள்.

2. ஒரு ஆன்டெனா உள்ள சாதாரணப் போனை வைத்து, அதே அறையில், ஒரு செங்கல் சுவருக்கு அப்பால், ஒரு கருங்கல் சுவருக்கு அப்பால் எவ்வளவு கிடைத்தது என்று அளந்து எழுதுங்கள்.

3. ஜி-பானா, இ-பானா, இரண்டுமா. எந்தப் பாதுகாப்பு முறை. அடாப்டர் எத்தனை ஆம்பியர். மூன்றும் பெட்டியின் வெளியே தெரியட்டும்.

4. இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல், வீ-லேன் எண் மூன்றையும் இணைப்பு கொடுக்கும் அன்றே எழுத்தில் தாருங்கள். கேட்டால் பிரிட்ஜ் முறைக்குக் கட்டணமின்றி மாற்றித் தாருங்கள்.

5. ஆப்பும் ஓ.டி.பி.யும் இல்லாமல் ரௌட்டரை நிறுவும் வழியைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

6. நிறுவும் நாளில் கம்பியில் ஓர் அளவு, வைஃபையில் ஓர் அளவு, வீட்டுக்காரர் காட்டும் தூர அறையில் ஓர் அளவு எடுத்து, வீட்டுக்காரரின் போனிலேயே காட்டி, தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த வீட்டுக்குப் பொருந்தாத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதற்கும் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. உங்கள் பொறியாளர்களுக்கு இந்த எண்கள் எல்லாம் இப்போதே தெரியும்.

ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். நான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடச் சட்டம் வழி செய்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் வழக்கறிஞர் மலையேறி வர வேண்டியிருக்கும். ஸ்வெட்டர் எடுத்து வரச் சொல்லுங்கள். நேரில் வரச் சிரமம் என்றால் இரு தரப்பும் காணொலியிலேயே ஆஜராகலாம் என்று சட்டத்தில் இடமிருக்கிறது. எனக்கு மறுப்பில்லை, என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தே ஆஜராகிறேன். நடுவில் என் படம் உறைந்து நின்றுவிட்டால், அதையே என் தரப்புச் சாட்சியமாகப் பதிவு செய்துகொள்ளும்படி ஆணையத்தை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் ஒருவர்,
கிளென்மார்கன், நீலகிரி மாவட்டம்.